லேஞ்சி எங்கே என்று கேட்டபோது எமிலியா ஏன் பொய் சொன்னாள்?

ஆறுமணி ரயில்

பகலில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை, மாலையில் நாடகம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பேர் சேர்ந்து ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வைத் தமிழில் ஒத்திகை பார்க்கிறோம். முழு நாடகமும் இல்லை, லேஞ்சி, அதாவது கைக்குட்டை, வருகிற காட்சிகள் மட்டும். கீழே கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் வசனத்தை நிறுத்திவிட்டு, நின்ற இடத்தில் நின்று, சத்தம் அடங்கியதும் தொடருவோம். பழகிவிட்டது.

எனக்குக் கிடைத்தது எமிலியா. சதிகாரன் இயாகோவின் மனைவி, ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் பணிப்பெண். டெஸ்டிமோனாமீது ஒதெல்லோவுக்குச் சந்தேகம் வரவைக்க இயாகோ பயன்படுத்துவது அவளுடைய லேஞ்சியைத்தான். மற்ற இடங்கள் எப்படியோ வந்துவிடுகின்றன. மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில் ஒரே ஒரு வரிதான் தொண்டையில் நிற்கிறது.

ஒதெல்லோவுக்குத் தலைவலி என்று டெஸ்டிமோனா லேஞ்சியால் நெற்றியைக் கட்டப் போகிறாள். அது சின்னது என்று அவன் தள்ளிவிட, கீழே விழுகிறது. எமிலியா எடுக்கிறாள். அதைத் திருடித் தா என்று புருசன் நூறு தரம் கேட்டிருக்கிறான். வேலைப்பாட்டைப் படியெடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைக்கிறாள். அதற்குள் இயாகோ வந்து பறித்துவிடுகிறான். முக்கியமான காரியம் இல்லையென்றால் திருப்பித் தா, அது இல்லாமல் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று அப்போதே சொல்கிறாள். ஆகவே அதன் பெறுமதி இவளுக்குத் தெரியும்.

அப்புறம் டெஸ்டிமோனா நேராகக் கேட்கிறாள்: அதை எங்கே தொலைத்திருப்பேன், எமிலியா? இவள் சொல்வது: தெரியாது அம்மா.

அதோடு முடியவில்லை. ஒதெல்லோ வந்து லேஞ்சி, லேஞ்சி என்று கத்துகிறான். இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் போனதும், இவர் சந்தேகக்காரர் இல்லையா என்று கேள்வி வேறு! கடைசி அங்கத்தில் உயிரையே கொடுத்து உண்மையைச் சொல்லப்போகிறவள், இங்கே ஒரு வரியில் சொல்லியிருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும்.

எங்கள் நெறியாளர் "பயம், பயந்து சொல்லு" என்கிறார். பயந்து சொன்னால் எனக்கே பொய்யாகக் கேட்கிறது. அலட்சியமாகச் சொன்னால் கெட்டவளாகத் தெரிகிறாள். யாராவது இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறீர்களா?

(இன்னொன்று: லேஞ்சியா கைக்குட்டையா என்று எங்களுக்குள் சண்டை. வீட்டில் யாரும் கைக்குட்டை என்று சொல்லிக் கேட்டதில்லை.)

மூன்றாம் வரிசை

தங்கச்சி, மூலக்கதையைப் பார்த்தால் கொஞ்சம் வெளிக்கும். ஷேக்ஸ்பியர் இதை எடுத்தது இத்தாலிக்காரர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து. அதில் திருடுவது புருசனேதான். தன் சின்ன மகளை டெஸ்டிமோனாவின் கையில் கொடுக்கிறான். அவள் பிள்ளையைக் கொஞ்சுகிற நேரம் பார்த்து, இடுப்பில் இருந்ததை உருவிவிடுகிறான். மனைவிக்குச் சதி முழுக்கத் தெரியும், புருசனுக்குப் பயந்து வாய் திறப்பதில்லை.

ஷேக்ஸ்பியர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். பிள்ளையை எடுத்துவிட்டார். லேஞ்சியை மனைவியின் கையில் போட்டார். சதியை அவளுக்குச் சொல்லாமல் விட்டார். உங்கள் நெறியாளர் கேட்கிற பயம் சிந்தியோவின் மனைவிக்குப் பொருந்தும், எமிலியாவுக்குப் போதாது. இவள் புருசனுக்கு முன்னாலேயே, பதவிக்காக எவனோ ஒரு அயோக்கியன் இந்தப் பழியைக் கட்டியிருக்கிறான் என்று நாலாம் அங்கத்தில் கத்துகிறவள். மெதுவாய்ப் பேசு என்று அவன்தான் அடக்குகிறான். பயந்தவள் வாய் இப்படிப் போகுமா?

நான் பிடித்துக்கொள்கிற இடம் கடைசி அங்கத்தில் வருகிறது. எல்லாம் வெளியான பிறகு, "அப்போதே நினைத்தேன்" என்று ஒரு துண்டு வசனம் சொல்வாள். என்ன நினைத்தாள், எப்போது நினைத்தாள், ஒன்றும் சொல்லமாட்டாள். உங்கள் வரி அந்தத் துண்டின் முன்பாதி என்று வைத்துப் பாருங்கள்.

புருசன்மார் பிழைவிட்டால்தான் பெண்சாதிமாரும் விழுகிறார்கள் என்று அவள் பேசும் பேச்சையும் வெட்டிவிடாதீர்கள். 1622இல் வந்த முதல் அச்சில் அது இல்லை, 1623இன் பெரிய தொகுப்பில்தான் இருக்கிறது. நேரம் போதாது என்று மேடைக்காரர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

கொட்டாஞ்சேனைப் பையன்

லேஞ்சி! கைக்குட்டை என்றால் எங்கள் அம்மம்மா எழும்பிப் போய்விடுவா.

ஈரச்சுவர்

எனக்கு இதில் சகுந்தலைதான் ஞாபகம் வருகிறாள். அதில் மோதிரம், இதில் லேஞ்சி. ஆனால் ஒப்பிடவேண்டியது மோதிரத்தையல்ல, தோழிமாரை.

காளிதாசனின் சாகுந்தல நாடகத்தில் நாலாம் அங்கம். துர்வாசர் வந்து குரல் கொடுக்கிறார், துஷ்யந்தன் நினைவில் இருக்கிற சகுந்தலைக்குக் கேட்கவில்லை. நீ யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாயோ அவன் உன்னை மறப்பான் என்று சாபம் போடுகிறார். அதைக் கேட்டது அனசூயையும் பிரியம்வதையும். ஒருத்தி ஓடிப்போய்க் கெஞ்சி, அடையாளப் பொருளைக் கண்டால் சாபம் நீங்கும் என்று வாங்கிக்கொண்டு வருகிறாள். பிறகு இரண்டு பேரும், இது எங்களோடு இருக்கட்டும், அவள் மென்மையானவள், தாங்கமாட்டாள் என்று முடிவு செய்கிறார்கள். புருசன் வீட்டுக்குப் புறப்படுகிற நாளில்கூடச் சொல்வதில்லை. அரசன் அடையாளம் காணத் தயங்கினால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். ஏன் என்று தெரிந்திருந்தால் அந்த மோதிரத்தைத் தண்ணீரில் விட்டிருப்பாளா?

மகாபாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே அரசன் எல்லாம் தெரிந்தே தெரியாது என்கிறான். காளிதாசன் அவனை நல்லவனாக்கப் போய், பாரத்தைத் தோழிமார் தலையில் இறக்கிவிட்டான் என்பது என் எண்ணம். பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மறைமலையடிகளின் சாகுந்தல மொழிபெயர்ப்பு 1907இல் வந்தது. தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்குப் பக்கம்தானே, கேட்டுப் பாருங்கள்.

தெஹிவளை அன்ரி

மகள், நாடகம் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த வரியை மட்டும் தெரியும்.

முப்பது வருசம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது என் கணவருக்குத் தெரியும். எனக்கும் சொன்னார். சொல்லிவிட்டு, எங்களுக்கேன் வீண் வேலை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார்.

ஒருநாள் அந்தப் பிள்ளை குசினிக்குள் வந்து, அவரைப் பற்றி அண்ணா ஏதும் சொன்னாரா அக்கா என்று கேட்டாள். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். எனக்கென்ன தெரியும் பிள்ளை என்றேன். பயப்படவில்லை. அவளை ஏமாற்றுகிறேன் என்றும் நினைக்கவில்லை. இன்றைக்கு வீட்டில் சண்டை இல்லாமல் போகும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை நிற்கவில்லை. வெள்ளை முடிந்து சிரட்டை ஒட்டின கறுப்புப் பூ விழத் தொடங்கியும் திருவிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது தெரிந்ததோ என்னவோ, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கல்யாணம் நடந்தது. மிச்சத்தை எழுத மனம் இல்லை.

உங்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முகத்தால் ஒன்றும் செய்யவேண்டாம்.

ஆறுமணி ரயில்

அன்ரி, வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். நன்றி என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

நேற்று ஒரு வெள்ளைத் துணியும் ஊசியும் கொண்டுபோனேன். லேஞ்சியில் இருந்த ஸ்ட்ரோபெரி வேலைப்பாட்டையே அதில் தைக்கவா என்று கேட்டதற்கு, டெஸ்டிமோனாவுக்குக் கண் இல்லையா என்று நெறியாளர் ஏசினார். சரி, வெறும் ஓரத் தையல்.

எங்கே தொலைத்திருப்பேன் எமிலியா என்று அவள் கேட்டதும் ரயில் வந்துவிட்டது. வழக்கம்போல எல்லாரும் அப்படியே நின்றார்கள். நான் தைத்துக்கொண்டே இருந்தேன். துணி முடிந்து என் சேலைத் தலைப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டேன், அது எனக்குப் பிறகுதான் தெரியும். கடைசிப் பெட்டியும் போனபின், தெரியாது அம்மா என்றேன்.

நெறியாளர் பயம் எங்கே என்று கேட்கவில்லை. அடுத்த வரி என்றார்.

மண்டபத்தில் ரயில் வராது. அந்த இடைவெளியை இனி மனத்துக்குள் எண்ணிப் பழகவேண்டும். டெஸ்டிமோனாவாக நடிக்கிறவள் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது என்கிறாள், அதற்கு ஒரு வழி பார்க்கவேண்டும். லேஞ்சி, லேஞ்சியாகவே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.