மறு: 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புள்ளியியலில் வரும் 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழை மூன்று நாளாக நீண்டுகொண்டே போகிறது. எல்லா மடலையும் படித்துவிட்டேன். இந்த வாரம் உளவியல் முதலாண்டுக்கு இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதிலுக்குத் தாமதம்.

வகுப்பில் பாதிப் பேர் பிளஸ் டூவில் கணக்கே எடுக்காதவர்கள். மனசைப் பற்றிய படிப்பு என்று ஆசையாகச் சேர்ந்து, முதல் பருவத்திலேயே, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள். பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கங்களைக் கூட்டி மொத்த எண்ணிக்கையால் வகுத்தது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே வந்தால் ஒன்று குறைத்து வகுக்கச் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால் 'டிஎஃப்' (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்பதன் சுருக்கம்) என்கிறோம். அது என்ன என்று கேட்டால், கைக்குக் கை மாறி வந்த நகல் குறிப்பில் 'வரையற்ற பாகைகள்' என்று இருக்கிறது. ஒரு பெண் எழுந்து, "சார், இதுக்குக் கோணமானி கொண்டு வரணுமா?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

தப்பு அவள்மேல் இல்லை. ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பாகை என்றால் கோணம். வரையற்ற என்றால் எல்லையே இல்லாத. ஆனால் நாம் சொல்ல வருவது ஒன்பது, பதினேழு என்று எல்லையோடு நிற்கிற ஒரு எண். எது எண்ணப்படுகிறது என்பதைத்தான் சொல் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

எது எண்ணப்படுகிறது? வகுப்பில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். சராசரிகளின் வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் டி சோதனைக்கு 1908இல் வழிபோட்ட கோசெட், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர்; 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். பீர் ஆலைக்காரர் என்றாலும் அவர் எடுத்துக்காட்டிய கணக்கு நம் துறைக்கு நெருக்கமானது: மிச்சிகன் மாநிலத்தில் கலமாசூ மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த தரவு. ஒரு மருந்தைவிட மற்றது எத்தனை மணி நேரம் கூடுதல் தூக்கம் தந்தது என்று ஆளுக்கு ஒரு வித்தியாசம். கரும்பலகையில் எழுதினேன்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6. பத்தாவது எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "சராசரி 1.58. இங்கே என்ன இருக்கும்?" என்று கேட்டேன். கைபேசியில் கூட்டிப் பார்த்தார்கள். ஒன்பதின் கூட்டல் 14.4, பத்துக்கும் சேர்த்து 15.8 வர வேண்டும், ஆக 1.4. கையை எடுத்தேன். 1.4தான்.

"ஒன்பது பேரும் நினைத்த எண்ணைச் சொல்லலாம் சார், பத்தாவது ஆளுக்கு வாயே இல்லை" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது? சராசரி என்ற ஒரு கட்டைப் போட்டோம், ஒரு எண் தன் இஷ்டத்தை இழந்தது, மீதி ஒன்பது. அந்த ஒன்பதுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இனி மடல்களில் வந்த பரிந்துரைகள்.

> இயற்பியலில் 'சுதந்திர இயக்கக் கூறு' நிலைத்துவிட்டது. அதையே எடுத்தாளலாமே?

அங்கே அது பொருத்தம். வாயு மூலக்கூறு நிஜமாகவே இயங்குகிறது. ஓரணு மூலக்கூறுக்கு மூன்று கூறு என்றால் மூன்று திசையைக் கைநீட்டிக் காட்டலாம். இங்கே எதுவும் இயங்கவில்லை. அப்புறம், நீளம். அட்டவணைத் தலைப்பில் அந்த மூன்று சொல்லையும் அடைத்தால் எண்ணுக்கு இடம் இருக்காது.

> இலங்கையில் 'சுயாதீனப் படி' என்றால் விளங்கும்.

யாழ்ப்பாண நண்பர் மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கம் பஞ்சப்படி, பயணப்படி வரிசையில் இதுவும் ஏதோ சம்பளத்தோடு வருகிற படி என்று நினைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், 'சுயாதீன' என்பது சாரா மாறிக்கும் (இன்டிபென்டன்ட் வேரியபிள்) வேண்டியிருக்கிறது. ஒரே ஆய்வறிக்கைப் பத்தியில் இரண்டும் வரும். நீங்கள் நியம விலகல் என்பதை நாங்கள் திட்ட விலக்கம் என்கிறோம், அந்தப் பிளவே போதும். இந்த ஒன்றிலாவது இரு கரையும் சேர்ந்து ஒரு சொல்லைப் பிடிப்போம்.

> 'கட்டற்ற எண்ணிக்கை' எப்படி?

கட்டு என்பதைப் பிடித்தது சரி. ஆனால் 'கட்டற்ற'வைக் கட்டற்ற மென்பொருள்காரர்களும் கட்டற்ற கலைக்களஞ்சியமும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பொதுப்பேச்சில் 'கட்டற்ற எண்ணிக்கை' என்றால் கணக்கில்லாமல் என்றுதான் காதில் விழும். 'எண்ணிக்கை'யும் உதவாது. மேலே சொன்ன அதே தூக்கத் தரவை, ஒரே ஆள்கள் என்பதை மறந்து, இரண்டு தனிக் குழுக்களாக மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கொள்ளாத வெல்ச் முறையில் டிஎஃப் 17.776 என்று வரும். எண்ணிக்கையில் புள்ளி வைத்துப் பின்னம் வருமா? எண்ணில் வரலாம். ஆகவே சொல்லின் முடிவில் 'எண்' இருக்கட்டும்.

இந்த இடத்தில் என் அசட்டுத்தனத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்டு இல்லாத எண், ஆகவே 'கட்டிலெண்' என்று முதல் மடலில் பெருமையாக எழுதியவன் நான்தான். வீட்டில் படித்துக் காட்டியபோது, "எந்த வார்டு?" என்று கேட்டார்கள். சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது நான் முன்வைப்பது 'தளர்வெண்'. கட்டு, தளர்வு என்று இரண்டையும் சேர்த்தே பாடத்தில் கொண்டுவரலாம். மதிப்பிடும் ஒவ்வொரு சராசரியும் ஒரு கட்டு, ஒவ்வொரு கட்டும் ஒரு தளர்வைத் தின்றுவிடும், மிஞ்சியது தளர்வெண். 2020க்குப் பிறகு 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். கட்டுப்பாடு இருக்கிறது, அதற்குள் இவ்வளவு தூரம் போகலாம். நமக்கு வேண்டிய பொருள் ஏறத்தாழ அதுவேதான்.

மறுநாள், இரண்டு வகைப்பாடுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனையில் இந்தச் சொல்லை ஓட்டிப் பார்த்தேன். நானே புனைந்த கணக்கு: 50 மாணவர்கள், விடுதியில் 30, வீட்டிலிருந்து வருபவர்கள் 20. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குபவர்கள் 22, மற்றவர்கள் 28. ஓரத்து மொத்தங்களை மட்டும் எழுதி, நடுவில் நாலு கட்டத்தையும் காலியாக விட்டேன். ஒரு பையனைக் கூப்பிட்டு, "எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் ஓர் எண் போடு" என்றேன். விடுதியும் குறைந்த தூக்கமும் சேரும் இடத்தில் 17 போட்டான். அடுத்தவளைக் கூப்பிட்டேன். சாக்பீஸை வாங்கியவள் திரும்பி, "நான் போட என்ன சார் இருக்கு? 13, 5, 15 தானா வந்துடுதே" என்றாள். "அப்போ தளர்வெண்?" "ஒண்ணு." இந்த ஒன்றைப் போன வருடம் சூத்திரமாகக் கொடுத்து, நிரையில் ஒன்று குறை, நிரலில் ஒன்று குறை, பெருக்கு என்று மனப்பாடம் செய்யவைத்தேன். தேர்வில் பாதிப் பேர் மூன்று என்று எழுதினார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1900இல் இந்தச் சோதனையைக் கொண்டுவந்த கார்ல் பியர்சனே நாலு கட்டத்துக்கு மூன்று என்றுதான் எடுத்தார். ஒன்றுதான் என்று இன்னொரு புள்ளியியலாளரான ஃபிஷர் 1922இல் காட்டினார். பியர்சன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வித்தியாசம்தானே என்று விடவும் முடியாது. மேலே உள்ள அட்டவணைக்குக் கை வர்க்கம் 4.88 வருகிறது. அது ஓர் எல்லையைத் தாண்டினால்தான் தொடர்பு உண்டு என்போம். 5 சதவீத மட்டத்தில் (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாகத் தாண்ட நூற்றில் ஐந்து வாய்ப்பு) தளர்வெண் ஒன்றுக்கு எல்லை 3.84, மூன்றுக்கு 7.81. ஒன்று என்றால் விடுதிக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதுவோம். மூன்று என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று அறிக்கையை மூடிவைப்போம்.

சொல் மற்ற சொற்களோடு ஒட்டுமா என்றும் பார்த்தேன். பிழைத் தளர்வெண், எச்சத் தளர்வெண், குழுக்களிடைத் தளர்வெண். நாக்கில் தடங்கல் இல்லை.

ஒரு ஆட்சேபம் மட்டும் கனமானது. கோவையில் உளவியல் கற்பிக்கும் அம்மா எழுதியிருந்தார்: பதற்றத்துக்குத் தசைத் தளர்வுப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து, டி சோதனை போடுகிற ஆய்வேடுகள் அவர் துறையில் ஏராளம், 'தளர்வுக் குழுவின் தளர்வெண்' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர், எவ்வளவு தளர்ந்தார்கள் என்று கொடுத்த மதிப்பெண் என நினைத்துக்கொள்வார். உண்மைதான் அம்மா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 'நெகிழ்வெண்' என்று மாற்றலாம். அந்த மோதல் தீரும், ஆனால் கட்டு–தளர்வு ஜோடி உடைந்துபோகும். கட்டை நாம் தளர்த்துகிறோம், நெகிழ்த்துவது அரிது. என் மனம் இன்னும் தளர்வெண் பக்கம்தான். நீங்கள் உங்கள் மாணவர்களிடம் ஒரு நாள் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாண நண்பருக்கும் ஒரு வேலை. ஊரடங்குத் தளர்வு என்ற வழக்கு உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் ஓடியது? அங்கே தளர்வு என்றதும் சோர்வு மட்டும்தான் நினைவுக்கு வருமென்றால் நான் மறுபடி யோசிக்க வேண்டும்.

திங்கட்கிழமை புதிய பயிற்சித்தாள் நகலெடுக்கப் போகிறது. மென்பொருள் 'டிஎஃப்' என்றே அச்சிடுவதால் அட்டவணைத் தலைப்பில் அதை அப்படியே விட்டு, கீழே விளக்கவுரை முழுக்கத் தளர்வெண் என்று போட்டிருக்கிறேன். மாற்ற வேண்டும் என்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதினால் நல்லது.