வெறும் மேசைக்கும் கொப்புள நோயாம்! ஏஐ செயலமர்வில் கண்டவை

ஹட்டன் விஞ்ஞானம்
விஞ்ஞான ஆசிரியர்களுக்கான செயலமர்வு, வழக்கமான டீச்சபிள் மெஷின் (படங்களைக் காட்டி, வகை பிரிக்கக் கணினிக்குக் கற்பிக்கும் கூகிளின் இணையக் கருவி) செய்முறைதான். நல்ல தேயிலை ஒரு வகுப்பு (வகை), கொப்புள நோய் என்ற பங்கசு நோய் பிடித்தது மற்றது. பயிற்றி முடிந்ததும் காட்டிய இலையெல்லாம் சரியாக வந்தது, கைதட்டலும் கிடைத்தது. பின்வரிசை டீச்சர் ஒருவர் எழுந்து வந்து, இலையை எடுத்துவிட்டு வெறும் மேசையைக் கமராவுக்குக் காட்டினார். மல்டிமீடியா திரையில் "நோய்" பட்டை முழுசாக ஏறி நின்றது. வளவாளர் "கமரா குவாலிட்டி காணாது" என்று அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிட்டார். நல்ல இலைகளை ஜன்னலோரம் கையில் பிடித்தும், நோய் இலைகளை டியூப் லைட்டின் கீழ் மேசையில் வைத்தும் எடுத்திருந்தார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

தலவாக்கலை
கமராவைக் குறை சொன்னது அநியாயம். இரண்டே வகுப்பு கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் அது காட்டும் விகிதங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 100%. "தெரியாது" என்று சொல்ல அதற்கு வழியே கிடையாது. இலையில்லாத மேசை, கை, சுவர் எல்லாவற்றையும் படமெடுத்து மூன்றாவது வகுப்பாகப் போட வேண்டும்.

அதோடு தீராது. இந்தப் பங்கசு இளம் இலையைத்தான் பிடிக்கும். நல்ல இலைக்கு அடிச்செடியின் கரும்பச்சை முற்றிலைகளைப் பறித்து வந்தால், மாதிரி (பயிற்றி எடுத்த நிரல்) கற்பது இலையின் வயதை, நோயை அல்ல. வெண்கொப்புளம் இலையின் அடிப்பக்கம் புடைக்கும். நோய் இலையை அடிப்பக்கமும் நல்லதை மேற்பக்கமும் எடுத்தாலும் இதே கதிதான். ஒரே செடி, ஒரே வயது, ஒரே பக்கம், ஒரே வெள்ளைத் தாள். கட்டுப்பாட்டுப் பரிசோதனை படிப்பிக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? இன்னொன்று, படம் 224×224 பிக்சலுக்குச் சுருங்கித்தான் உள்ளே போகும். தூர நின்று எடுத்தால் தொடக்கப் புள்ளிகள் மறைந்துவிடும், இலை சட்டத்தை நிரப்பட்டும்.

பசறை மாஸ்டர்
லெப்டொப்பும் சிக்னலும் உள்ளவர்களின் கதை இது. தோட்டப் பாடசாலையில், கணினி எப்படி வகை பிரிக்கிறது என்று காட்ட வரைபுத்தாள் போதும்.

தேயிலை 10, கொய்யா 10 இலைகள் எடுங்கள். (யூகலிப்டஸ் வேண்டாம், பார்த்தவுடன் பிரிந்துவிடும், வாதமே வராது.) நீளம் கிடை அச்சில், அகலம் நிலை அச்சில், இரண்டு நிறப் புள்ளிகள். பெயர் சொல்லாத ஓர் இலையை அளந்து குறித்து, அதற்கு மிகக் கிட்டிய மூன்று புள்ளிகளைப் பார்த்து, பெரும்பான்மை எதுவோ அதுவே விடை. இரண்டு, நான்கு என்று எடுத்தால் சமநிலை வந்து பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள்.

குழப்பம் வருவது அலகில். ஒரு குழு நீளத்தைச் சென்டிமீற்றரிலும் அகலத்தை மில்லிமீற்றரிலும் எழுதிவிடும். அகல வித்தியாசம் பத்து மடங்காகி, நீளம் கணக்கிலேயே இல்லாமல் போகும். அதைத் திருத்தாமல் விட்டு, விடைகள் ஏன் கோணலாக வருகின்றன என்று கேளுங்கள். சோதனை இலைகள் ஐந்தை முதலிலேயே உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். பயிற்றிய இலையாலேயே சோதித்தால் கிட்டிய புள்ளி அந்த இலையேதான். மூன்றுக்குப் பதில் மிகக் கிட்டிய ஒரே புள்ளியை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. இதை ஒரு தரம் செய்தும் காட்டலாம், ஆசிரியர்கள் முகம் மாறும்.

பண்டாரவளை ஐசிடி
மாஸ்டர், புள்ளி குறிப்பதோடு நின்றால் பாதிப் பாடம்தான். நீளம், அகலம் என்று எதைப் பார்ப்பதென்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். படத்தில் எதைப் பார்ப்பது என்று மாதிரியே கற்கிறது, அதனால்தான் மேசையைப் பிடித்தது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள், வரைபு முதலில்.

டீச்சபிள் மெஷினில் பயிற்றும்போது பிரவுசரில் வேறு டெப்புக்குப் போகக் கூடாது, வேலை நின்றுவிடும். முடிந்ததும் புரொஜெக்டை லெப்டொப்பில் இறக்கி வையுங்கள், டெப்பை மூடினால் படங்களும் போகும். பிள்ளைகளின் முகங்களை வைத்து விளையாட வேண்டாம், இலையே போதும்.

ஹட்டன் விஞ்ஞானம்
நான் ஆலோசனை கேட்கவேயில்லை 😄 ஆனால் மூன்றாவது வகுப்பைக் குறித்துக்கொண்டேன். காலையில் பயிற்றியது, பின்னேரம் மூடுபனி இறங்கியதும் பிசகுமே, அதற்கு?

தலவாக்கலை
இரண்டு வெளிச்சத்திலும் எடுங்கள், மூன்று வகுப்புக்கும் பாதிக்குப் பாதி. ஒரு வகுப்பை மட்டும் பனியில் எடுத்தால் திரும்பவும் மேசைக் கதைதான்.