பிறந்த குழந்தைக்கு மூச்சு மானிட்டர் தேவையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எங்கள் பெண் குழந்தை நிறைமாதத்தில் பிறந்தவள். எடை, பால் குடிப்பது எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அவள் தூங்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. வேகவேகமாக மூச்சு விடுவாள், திடீரென்று சில நொடிகள் நிறுத்துவாள், அப்புறம் தானாகவே தொடங்கிவிடுவாள். பிறந்த குழந்தைகளுக்கு 5 முதல் 10 நொடி வரை இப்படி இடைவெளி வருவது இயல்புதான், 20 நொடியைத் தொட்டாலோ உதடு நீலமானாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் விளக்கிவிட்டார். பகலில் புரிகிறது, நள்ளிரவில்தான் புரிய மாட்டேன் என்கிறது.

மெத்தைக்கு அடியில் வைப்பது, டயப்பரில் மாட்டும் கிளிப், காலில் போடும் சாக்ஸ் என்று பலவகை இருக்கின்றன. சாக்ஸ் வகை ஆக்சிஜன் அளவையும் இதயத் துடிப்பையும் காட்டும் என்பதால் எனக்கு அதில்தான் கண். கணவர் வேண்டாம் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: திடீர் சிசு மரணத்தைத் தடுக்க இத்தகைய வீட்டுக் கருவிகளை நம்ப வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. மல்லாக்கப் படுக்கவைப்பது, கெட்டியான மெத்தை, தலையணை போர்வை இல்லாத தொட்டில், இதெல்லாம் கடைப்பிடிக்கிறோம்.

பயன்படுத்தியவர்களே, பொய் அலாரம் அடிக்கடி வந்ததா? நிம்மதி கிடைத்ததா, இல்லை விடிய விடிய போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்களா? எந்த வயதில் நிறுத்தினீர்கள்? குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவரே எழுதிக்கொடுக்கும் மானிட்டர் வேறு கதை, அதைக் கேட்கவில்லை. விற்பனை இணைப்புகள் தயவுசெய்து வேண்டாம்.