1:64 அளவில் ‘டிரிங்கோமலி’: தேக்கில் செய்யும் சிறு உறுப்புகள் துளையிடும்போது பிளக்கின்றன

சிறுகலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் உருவாகி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்ட ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரியை 1:64 அளவில் செய்துவருகிறேன். உடற்பகுதியின் குறுக்குச் சட்டங்களும் வெளிப்பலகைகளும் முடிந்துவிட்டன. இப்போது கப்பிகள், பீரங்கி வண்டிகள், தளத்தின் திறப்புகளை மூடும் மரக் கிராதிகள், பாய்மரங்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் அடியில் வரும் மூன்று துளை கொண்ட வட்டக் கட்டைகளாகிய ‘டெட்-ஐ’ ஆகியவற்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

உண்மைக் கப்பல் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டது என்பதால், மாதிரியின் உறுப்புகள் அனைத்தும் தேக்காகவே இருக்க வேண்டும் என்று விரும்பி, கதவு செய்யும் பட்டறையிலிருந்து நன்கு காய்ந்த பழைய தேக்குத் துண்டுகளை வாங்கி வைத்திருக்கிறேன். 4.5 மி.மீ. விட்டமுள்ள டெட்-ஐ வட்டுகளை 2.5 மி.மீ. தடிமனுள்ள பலகையிலிருந்து அறுத்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 0.7 மி.மீ. அளவில் மூன்று துளைகள் இடுகிறேன். முதல் துளை ஒழுங்காக விழுகிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது துளையின்போது வட்டு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பிளக்காமல் தப்பியவற்றிலும் துளையின் விளிம்பு பொரிந்து, வட்டமாக இல்லாமல் இருக்கிறது.

என்னிடம் லேத் (கடைசல் எந்திரம்) இல்லை. கைமின்துளைப்பான், சிறிய சுழல் கருவி, மெல்லிய வாள், அரங்கள் ஆகியவை இருக்கின்றன. தேக்கைக் கைவிடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா? வேறு மரம்தான் வேண்டும் என்றால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் நம் ஊரிலேயே கிடைக்கும் மரம் எது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

உளியும் அரமும் எழுதியது:

வணக்கம். உங்கள் துளைப்பானிலோ கைப்பழக்கத்திலோ குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மரம்தான் இந்த அளவுக்குப் பொருந்தவில்லை. தேக்கு வளைய வளையமாகத் துளைகள் செறிந்த மரம். ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிய நுண்குழாய்கள் வரிசையாக நிற்கும். கதவில் அது அழகு. ஆனால் 1:64 அளவில் அந்தக் கால் மில்லிமீட்டர், உண்மைக் கப்பலில் 16 மி.மீ. அகலமுள்ள பொத்தலுக்குச் சமமாகிவிடுகிறது. நீங்கள் இடும் துளைக்கும் வட்டின் விளிம்புக்கும் இடையே எஞ்சும் மரத்தில் இப்படிப்பட்ட குழாய் வரிசை ஒன்று அமைந்துவிட்டால், அது முன்கூட்டியே கோடு கிழித்து வைத்ததைப் போலப் பிளக்கத்தான் செய்யும். மாதிரியில் அளவைக் குறைக்கலாம். மரத்தின் நாரை யாராலும் குறைக்க முடியாது. ஆகவே, உண்மைக் கப்பல் எந்த மரத்தில் செய்யப்பட்டது என்பதைவிட, அந்த மரம் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால் எப்படித் தெரியும் என்பதைக் கருதி மரம் தேர்வதே சரி என்பது என் முடிவு.

ஐரோப்பாவில் இந்த வேலைக்குப் பாக்ஸ்வுட் என்னும் மஞ்சள் நிற மரத்தையும் பேரி மரத்தையும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அவை தேவையில்லை. பம்பரம் கடையப் பயன்படும் கொய்யாக் கட்டை நெருக்கமான நாரும் உறுதியும் உள்ளது. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி ஆகியவற்றின் அடிமரமும் இளமஞ்சள் நிறத்தில், கத்தி பட்ட இடம் பளபளக்கும் அளவுக்கு நெருக்கமாக இருக்கும். டெட்-ஐக்கும் கப்பிக்கும் என் முதல் தேர்வு அதுதான். சன்னபட்டணத்துப் பொம்மைகள் செய்யும் வெப்பாலை வெண்மையானது, கடைவதற்கு இணக்கமானது, ஆனால் சற்று மென்மையானது. பீரங்கி வண்டியின் சக்கரங்களுக்கு ஏற்றது, மெல்லிய கிராதிச் சட்டங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள்கடம்பு கிடைத்தால் பலகையாகவே வாங்கிவிடுங்கள்; நிறமும் சீராக இருக்கும், அறுப்பதும் எளிது.

பழமரக் கிளையைத் தோட்டத்திலிருந்து வெட்டி எடுப்பதாக இருந்தால், அன்றைக்கே இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, நடுவில் உள்ள நெட்டியை விலக்கி நீளவாக்கில் பிளந்து, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். நெட்டியோடு முழுக் கட்டையாகக் காய்ந்தால் அது நிச்சயம் வெடிக்கும்.

எந்த மரமாக இருந்தாலும், பலகையிலிருந்து வட்டு எடுக்கும்போது மூன்று துளைகளும் நாரோட்டத்தோடு எப்படி அமைகின்றன என்பதைப் பாருங்கள். மூன்று துளைகளும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகள். அந்த முக்கோணத்தின் ஏதேனும் ஒரு பக்கம் நாரோட்டத்துக்கு இணையாக அமைந்தால், இரண்டு துளைகள் ஒரே நாரின்மேல் விழும்; அந்தக் கோட்டில்தான் வட்டு பிளக்கும். முக்கோணத்தின் அடிப்பக்கம் நாருக்குச் செங்குத்தாகக் குறுக்கே போகும்படி வைத்தால், மூன்று துளைகளும் மூன்று வெவ்வேறு நார்வரிசைகளில் விழும். இந்த ஒரு மாற்றத்தைத் தேக்கிலேயே செய்து பார்த்தாலும் உடையும் எண்ணிக்கை குறையும்.

துளையிடும் ஊசிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்சுற்றுப் பலகைகளுக்குப் பயன்படும் கார்பைடு ஊசிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை நிலையான தாங்கியில் பொருத்திய துளைப்பானுக்கு மட்டுமே உரியவை. கையில் பிடித்த கருவியில் சிறிது பக்கவாட்டு அழுத்தம் வந்தாலும் முறிந்துவிடும். கையால் துளையிடுபவர்களுக்குச் சாதாரண எஃகு ஊசியே நல்லது. தையலூசி முனையால் முதலில் குழி பதித்து, வட்டின் அடியில் ஒரு கடினமான மரத்துண்டை வைத்து இறுக்கிய பிறகு துளையிட்டால், அடிப்பக்க விளிம்பு பொரியாது.

கடைசல்பட்டறை எழுதியது:

மேலே நண்பர் எழுதியதை ஏற்கிறேன். அதோடு, வட்டைத் தனியாக அறுத்தெடுத்த பிறகு துளையிடும் உங்கள் வரிசைமுறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சிறு உறுப்பு தாய்க்கட்டையோடு ஒட்டியிருக்கும் வரை அதைப் பிடிக்க இடம் இருக்கிறது; அறுத்துப் பிரித்த மறுகணமே பிடிக்க எதுவும் இல்லாமல் போகிறது. ஆகவே அறுப்பது எப்போதும் கடைசி வேலையாக இருக்க வேண்டும். இதுதான் கப்பலின் சிறு உறுப்புகள் அனைத்துக்கும் பொதுவான முறை.

கப்பிகளை எடுத்துக்கொள்வோம். கயிற்றின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு கப்பியின் நீளம் என்பது பழைய கணக்கு. உண்மையில் 3 அங்குலச் சுற்றளவுள்ள கயிற்றுக்கு 9 அங்குலக் கப்பி வரும். 1:64 அளவில் ஓர் அங்குலம் ஏறத்தாழ 0.4 மி.மீ. என்பதால், நீங்கள் செய்ய வேண்டியது 3.6 மி.மீ. நீளக் கப்பி. கப்பியின் அகலமும் தடிமனும் கொண்ட நீண்ட சதுரக் குச்சி ஒன்றை முதலில் இழைத்துக்கொள்ளுங்கள். கப்பிக்குள் இருக்கும் உருளை தெரிவதற்காக, எதிரெதிரான இரண்டு முகங்களிலும் நடுக்கோட்டில் மெல்லிய பள்ளம் கீற வேண்டும். அடுத்து, ஒவ்வொரு 3.6 மி.மீ. பகுதியிலும் கயிறு போகும் துளையை நடுவில் இடாமல், ஒரு முனைக்குச் சற்று நெருக்கமாக இடுங்கள். கயிறு உருளையின் ஒரு பக்கத்தைச் சுற்றித்தான் ஓடும் என்பதால் நடுவில் இட்ட துளை பார்ப்பவர் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். பிறகு பகுதிகளுக்கு இடையே முக்கோண அரத்தால் நான்கு பக்கமும் வெட்டு இட்டு, மூலைகளை உருட்டி, கடைசியாக மெல்லிய வாளால் பிரித்தெடுக்கலாம்.

நூற்றுக்கணக்கில் கப்பி தேவைப்படும்போது ஒவ்வொன்றையும் கையால் வழவழப்பாக்குவது சலிப்பு. மூடியுள்ள டப்பாவின் உட்புறத்தில் உப்புத்தாளை ஒட்டி, மூடியின் நடுவில் துளையிட்டு, சிறு துடுப்பு பொருத்திய தண்டைக் கைமின்துளைப்பானால் மெதுவாகச் சுழற்றினால், உள்ளே போட்ட கப்பிகள் ஒன்றோடொன்றும் உப்புத்தாளோடும் உரசி மூலைகள் தாமாகவே மழுங்கிவிடும். அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பிகள் மணிகளாகிவிடும்.

பீரங்கி வண்டியின் படிப்படியான பக்கப்பலகைகளுக்கும் இதே முறைதான். பக்கப்பலகையின் நீளமும் உயரமும் கொண்ட, ஆனால் பல பலகைகளுக்குப் போதுமான அகலமுள்ள கட்டை ஒன்றில் முழு வடிவத்தையும் அரத்தால் செதுக்கி, அச்சுக்கான துளைகளையும் ஒரேயடியாக இட்டுவிட்டு, பிறகு மைசூர்பாகு போல வில்லை வில்லையாக அறுத்துக்கொள்ளுங்கள். நாரோட்டம் பக்கப்பலகையின் நீளவாக்கில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். குறுக்கே அமைந்தால் படிகள் ஒவ்வொன்றாக உதிரும். பலகையின் தடிமன் ஏறத்தாழ பீரங்கியின் உள்விட்டத்துக்குச் சமம். 18 பவுண்டு எடைக் குண்டைச் சுடும் 18 பவுண்டுப் பீரங்கிக்கு அது 5.3 அங்குலம், உங்கள் அளவில் 2.1 மி.மீ.

சக்கரங்களுக்கு லேத் தேவையில்லை. குச்சியைத் துளைப்பானின் வாயில் பிடித்துச் சுழற்றி, உப்புத்தாளால் உருட்டி, முனையில் அச்சுத்துளை இட்டு, சக்கரத் தடிமனுக்கு ஒன்றாக அறுத்தெடுங்கள். குச்சியின் முனையில் துளையிடும்போது ஊசி நாரைப் பின்பற்றி விலகும். ஆகவே இரண்டு மூன்று சக்கரங்களுக்குப் போதுமான ஆழம் மட்டும் துளைத்து, அவற்றை அறுத்த பிறகு மீண்டும் துளையிட வேண்டும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடப் பெரிது என்பதால் இரண்டு குச்சிகள் வேண்டும்.

தேக்கைவிட மனமில்லை என்றால், மெல்லிய சூப்பர் குளூவை வட்டில் ஊறவிட்டுக் காய்ந்தபின் துளையிடலாம். பிளவு நிற்கும்.

கிழக்குக்கரை எழுதியது:

சக்கரங்களை அறுக்கத் தொடங்கும் முன், எந்த ஆண்டின் டிரிங்கோமலியைச் செய்கிறீர்கள் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊராகிய திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் என்பதால் அதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன்.

லீடா வகைக் கப்பலாகிய இதற்கு வகுக்கப்பட்டிருந்தவை 46 பீரங்கிகள். அவற்றில் 28 முதன்மைப் பீரங்கித் தளத்து 18 பவுண்டுப் பீரங்கிகள். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் 56 பக்கப்பலகைகளும் 112 சக்கரங்களும் வேண்டும். ஆனால் 1819-இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் கப்பல் சேவையில் அமர்த்தப்படவில்லை. மேலே கூரை வேய்ந்து பல்லாண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பிறகு பின்புறத்தை மாற்றி, 26 பீரங்கிகள் கொண்ட கொர்வெட்டாக, அதாவது அதைவிடச் சிறிய போர்க்கப்பல் வகையாக ஆக்கிய பின்னரே, 1847-இல் முதன்முறையாகக் கடற்படைப் பணிக்குப் புறப்பட்டது. அதாவது 46 பீரங்கிகளோடு நிற்கும் மாதிரி, காகிதத்தில் இருந்த கப்பலையே காட்டும். அதுவும் முறையான தேர்வுதான். வரைபடத்தில் உள்ள வடிவத்தைச் செய்வது மாதிரிக் கலையில் வழக்கமே. ஆனால் பின்புறத்தை 1847-இன் வடிவிலும் பீரங்கிகளை 1817-இன் எண்ணிக்கையிலும் வைத்துவிட்டால் இரண்டும் பொருந்தாது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இப்போதும் மிதந்துகொண்டிருக்கும் கப்பலின் படங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

சிறுகலம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 1817-இன் வரைபடத்தையே பின்பற்றுவது என்று முடிவுசெய்திருக்கிறேன். சக்கரங்கள் கூடுதலானாலும் பரவாயில்லை. வீட்டின் பின்னால் பட்டுப்போன நாரத்தை மரம் ஒன்று இருக்கிறது. அதன் அடிமரத்தை அறுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே நெருக்கமாக இருக்கிறது. சூப்பர் குளூ முறையில் பின்னால் ஏதேனும் சிக்கல் வருமா என்பதையும், கிராதிகளைக் கடையில் விற்கும் பல்வெட்டுச் சட்டங்கள் இல்லாமல் செய்ய முடியுமா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உளியும் அரமும் எழுதியது:

சூப்பர் குளூ ஊறிய மரம் சாயத்தை ஏற்காது. எண்ணெய் பூசினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். டெட்-ஐகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசுவதாக இருந்தால் அது ஒரு பொருட்டல்ல. மரநிறமே தெரிய வேண்டும் என்றால் அந்த முறையை நான் தவிர்ப்பேன். நாரத்தை கையில் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. பட்டுப்போன மரம் என்பதால் புழுத்துளை இல்லாத பகுதியாகப் பார்த்து எடுங்கள்.

கிராதியைக் கண்டிப்பாக வீட்டிலேயே செய்யலாம். உண்மைக் கப்பலில் அதன் கண்கள் இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரைதான் இருக்கும். காற்றும் வெளிச்சமும் கீழே போக வேண்டும், மாலுமியின் கால் உள்ளே போகக் கூடாது. உங்கள் அளவில் அது 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. கடையில் விற்பவை பெரும்பாலும் இதைவிடப் பெரிய கண்கள் கொண்டவை, அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவற்றை விரும்புவதில்லை.

இங்கே எல்லா அளவையும் முடிவுசெய்வது வாள் வெட்டும் தடத்தின் அகலம்தான். 1 மி.மீ. தடம் விடும் வட்ட வாள் ஒன்றைச் சுழல் கருவியில் பொருத்தி, கருவியைச் சிறு மேசையின் அடியில் அசையாமல் நிறுத்துங்கள். மெல்லிய பலகையில் நாருக்குக் குறுக்கே, ஒரு மில்லிமீட்டர் விட்டு ஒரு மில்லிமீட்டர் என்று வரிசையாகப் பள்ளங்கள் வெட்ட வேண்டும். இடைவெளி மாறாமல் இருக்க, வாளிலிருந்து சரியாக ஓர் இடைவெளி தள்ளி மேசையில் 1 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் துண்டு ஒன்றைப் பதியுங்கள்; வெட்டி முடித்த பள்ளத்தை அந்தத் துண்டின்மேல் உட்காரவைத்தால் அடுத்த பள்ளம் தானாகவே சரியான இடத்தில் விழும். பள்ளங்கள் முடிந்த பிறகு, பலகையை நாரின் போக்கில் 1 மி.மீ. தடிமனுள்ள சட்டங்களாக அறுங்கள். ஒவ்வொரு சட்டமும் சீப்பைப் போலப் பல்லோடு வரும். பள்ளத்தின் ஆழம் சட்ட உயரத்தில் சரிபாதியாக இருந்தால், இரண்டு திசைச் சட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சமமாக அமரும்.

கோத்த பிறகு தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் தடவுங்கள். தடித்த பசை கண்களை அடைத்துவிடும். திறப்பின் சுற்றுச்சட்டத்தை முதலில் செய்து கிராதியை அதற்குள் திணிக்க முயலாமல், கிராதியை முழுக் கண்கள் வரும் இடத்தில் அறுத்து முடித்து, அதன் அளவுக்குச் சுற்றுச்சட்டத்தைக் கட்டுங்கள். அரைக்கண்ணோடு முடியும் கிராதி எந்தக் கப்பலிலும் கிடையாது.