பென்ட்லண்ட் ஆஸ்பத்திரிக்கு எந்த வருஷம் போடுவது?

பாலாற்றுமணல்:
நூலகத்துல மாட்ட வேலூர் அரசு ஆஸ்பத்திரி வரலாற்றை ஒரு பலகையா எழுதுறோம். ஒருத்தர் 1902-ங்கறார், இன்னொருத்தர் 2005-ங்கறார். பழைய ரெக்கார்டுல "வட ஆற்காடு தலைமை மருத்துவமனை"னு தேடினா சித்தூர்ல போய் நிக்குது. எது சரிங்க?

கோட்டைஅகழி:
ரெண்டுமே வேற ஆஸ்பத்திரிங்க. 1902 ஆரணி ரோடு ஷெல் ஆஸ்பத்திரி. சி.எம்.சி.யை நிறுவின டாக்டர் ஐடா ஸ்கடர் 40 படுக்கையோட ஆரம்பிச்ச மிஷன் ஆஸ்பத்திரி அது, அரசோடது இல்ல. 2005 அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி. ஊருக்குள்ள இருக்கற பழைய ஜி.எச்.தான் பென்ட்லண்ட்.

பேரே துப்பு கொடுக்குது. பென்ட்லண்ட் பிரபு சென்னை கவர்னரா இருந்தது 1912 முதல் 1919 வரை. அதுக்கு முந்தின வருஷத்தோட அந்தப் பேரைச் சேர்த்து யார் எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. ஆனா பேர் வச்ச வருஷமும் வைத்தியம் ஆரம்பிச்ச வருஷமும் ஒண்ணுதான்னு முடிவு கட்டிடவும் கூடாது.

சித்தூர் வந்ததுல தப்பே இல்ல. 1911 ஏப்ரல்ல சித்தூர் தனி மாவட்டமாச்சு. அதுவரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைமையிடமே சித்தூர்தானே!

தொரப்பாடியான்:
அப்போ 1911-க்கு முந்தினதை "தலைமை மருத்துவமனை"னு தேடாதீங்க. வேலூர் தாலுகா, வேலூர் முனிசிபாலிட்டி, "டிஸ்பென்சரி" இப்படித் தேடுங்க. முதல்ல பாக்க வேண்டியது ஸ்டூவர்ட் திருத்தின வட ஆற்காடு மாவட்ட மேனுவல் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்), 1894-95 பதிப்பு. 1881 காக்ஸ் பதிப்பையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க.

அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகம். அங்க அரசாணை கேக்கும்போது எண், தேதி, துறை மூணும் வேணும். ஒவ்வொரு துறையும் வருஷா வருஷம் தனித்தனியா எண் போட்டுக்கிட்டே வந்ததால, வெறும் எண்ணைக் கொடுத்தா சம்பந்தமே இல்லாத கோப்புதான் கைக்கு வரும். அந்தக் காலத்து ஆஸ்பத்திரி விஷயம் "லோக்கல் அண்ட் முனிசிபல்" துறையில கிடைக்கும், பிற்பாடு "லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட்". நேரா கோப்பு கேக்காம, அந்தந்த வருஷத்து இண்டெக்ஸைப் புரட்டி மூணையும் குறிச்சுக்கிட்டு சீட்டு எழுதுங்க.

பாலாற்றுமணல்:
ரொம்ப நன்றிங்க. கட்டடத்துல கல்வெட்டு ஏதும் இருந்தா அதுல உள்ள தேதியையே போட்டுடலாமா?

கோட்டைஅகழி:
அடிக்கல் தேதியா திறப்பு தேதியான்னு முதல்ல பாருங்க, நடுவுல வருஷக்கணக்குல இடைவெளி இருக்கலாம். அதுவும் அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும்தான் செல்லும், மொத்த ஆஸ்பத்திரிக்கும் இல்ல. எழுத்து சுண்ணாம்புல மூடியிருந்தா சுரண்டாதீங்க, விளிம்பு உதிர்ந்து 3-ம் 8-ம் ஒண்ணாயிடும். இருட்டினதும் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டுல, சுவரை ஒட்டிப் பிடிச்சு போட்டோ எடுங்க. நேரா அடிச்சா பள்ளம் தெரியாது.