சாயந்திரம் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள்

கேள்வி – ரெண்டாம் வகுப்பு அம்மா

வடசென்னையில் மணலி புதுநகர் தாண்டி ஆண்டார்குப்பம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வயல் மிச்சம் இருக்கிறது. ரோட்டுக்கு வந்துவிட்டால் வயலாவது வரப்பாவது, எல்லாம் கன்டெய்னர் லாரிதான். துறைமுகத்துக்கு ஒரு வரிசை, யார்டுக்கு ஒரு வரிசை, நடுவில் சாம்பல் லாரி.

மகள் தனியார் பள்ளி. டேர்முக்கு ஒருமுறை பஸ் காசு தனியாகக் கட்டுகிறோம். காலையில் தொல்லை இல்லை. 7.20க்கு டீக்கடை ஓரம் நிற்போம், பஸ் எங்கள் பக்கமாகவே மணலியை நோக்கி வரும், ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். சாயந்திரம் அதே பஸ் மணலியிலிருந்து வருவதால் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே நாலு மணிக்கு மேல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவில் இருக்கிற சந்தில் குழந்தையை இறக்கிவிட்டு ஆயா கதவைச் சாத்திக்கொள்கிறார்.

தினமும் நான் முன்னாலேயே தாண்டிப் போய் நின்றுவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை கம்பெனியில் ஷிப்ட் விட நேரமாகிவிட்டது. மாமியார் போனார். முட்டிவலிக்காரர், ரோடு தாண்டப் பயந்து இந்தப் பக்கமே நின்றுவிட்டார். பாட்டியைப் பார்த்ததும் இவள் ஓடி வந்திருக்கிறாள். ஒரு டேங்கர் லாரி பிரேக் அடித்து நின்றதாம். வீட்டில் யாரும் என்னிடம் மூச்சு விடவில்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் மூன்று நாள் கழித்துத் தெரியும்.

பள்ளியில் கேட்டால் "ரூட்டு அப்படித்தான், ஒரு பிள்ளைக்காக மாற்ற முடியாது" என்கிறார்கள். தெருவுக்குள் வரச் சொல்லவில்லை, உள்ளே வந்தால் வண்டி திரும்பாது என்று எனக்கே தெரியும். எங்கள் பக்கம் நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். யாரிடம், எப்படிக் கேட்பது?

அப்புறம் இன்னொன்று. நாத்தனார் மகன் சடையங்குப்பம் பக்கம், ஏழாவது, அரசுப் பள்ளி. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறான். அவனுக்கு வண்டி வசதி ஏதாவது கிடைக்குமா?

பதில் 1 – பழைய டிரைவர்

தங்கச்சி, நான் பதினோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன், அதனால் சொல்கிறேன். பஸ்ஸுக்குக் கதவு இடதுபக்கம். எந்தப் பக்கம் போகிறதோ அந்த ஓரம்தான் இறக்க முடியும். பாதிப் பிள்ளைகளுக்குக் காலையில் சரியாக இருக்கும், பாதிப் பேருக்குச் சாயந்திரம். இதற்கு ஒரே வழி, உங்கள் ஸ்டாப்பைப் போகும்போது விட்டுவிட்டு, மேலே எங்காவது வண்டியைத் திருப்பி, வரும்போது இறக்குவது. கடைசி ஸ்டாப்புக்குப் போய் எப்படியும் திரும்பி வரும் வண்டிதானே? "மகளைக் கடைசியாக இறக்குங்கள், லேட்டானால் பரவாயில்லை" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே முடியாது என்பார்கள்.

2012இல் முடிச்சூரில் பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு ரெண்டாம் வகுப்புப் பிள்ளை விழுந்து இறந்ததே, அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் இருந்தாக வேண்டும். ஆயா கதவைச் சாத்துவது உதவி இல்லை, கீழே இறங்கிக் கையைப் பிடித்துப் பெரியவர் கையில் கொடுப்பதுதான் உதவி. பெரியவர் வராவிட்டால் பிள்ளை பஸ்ஸிலேயே இருக்கட்டும், உங்களுக்குப் போன் வரட்டும். இதையும் கடிதத்தில் சேருங்கள்.

பாப்பாவுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். வண்டியை ஒட்டி முன்னால் நடக்கவே கூடாது. டிரைவர் சீட்டிலிருந்து பம்பருக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ரெண்டாவது படிக்கிற பிள்ளையின் உயரம் அதற்குள் அடங்கிவிடும். 2022இல் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் பின்னால் வந்து மோதி ஒரு பையன் இறந்துபோனான். அப்புறம்தான் முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் எல்லாம் கட்டாயமானது. கேமரா பஸ்ஸுக்குத்தான், பக்கத்தில் நிற்கிற கன்டெய்னர் லாரிக்கு இல்லை. பஸ் கிளம்பிப் போன பிறகுதான் தாண்டணும், அதுவும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு.

பதில் 2 – பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

நாத்தனார் மகன் விஷயம் மட்டும். கல்வி உரிமைச் சட்ட விதிப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படிப் பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எட்டாவது வரை, சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டம் வழியாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை போக்குவரத்துக்கு உண்டு. இரண்டு கிலோமீட்டர் என்றால் நேராகப் பார்த்தால் வராது, மனசு கஷ்டப்பட வேண்டாம்.

ஆனால் சடையங்குப்பம் என்கிறீர்களே. பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் எங்கே வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு மத்திய விதிகளில், வெள்ளம், சாலை வசதியின்மை போன்ற ஆபத்து உள்ள இடங்களில் இந்தத் தூர வரம்பைக் குறைக்கலாம் என்று இருக்கிறது. அதைச் சொல்லி, தண்ணீர் நின்ற போட்டோ வைத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்காரர் மனு கொடுப்பதைவிட அந்தத் தெருப் பிள்ளைகள் பெயரெல்லாம் சேர்ந்து போனால் நல்லது. அதுவரை பஸ் ஓடுகிற ரோடு வரை நடந்துபோய் இலவச பஸ் பாஸில் போகலாம்.

பதில் 3 – கடைசி ஸ்டாப்

இதே ரூட்டில் என் பையனும் வருகிறான் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே வீட்டுக்கு ஐந்தரை ஆகிறது. ஆளாளுக்கு ஸ்டாப் மாற்றினால் இருட்டிவிடும்.

கேள்வி கேட்டவரே

டிரைவர் அண்ணா, நன்றி. கடிதம் கொடுத்தேன், கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்திருக்கிறேன். எங்கள் ஸ்டாப்பில் ஏறும் இன்னும் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். திங்கள் முதல் திரும்பி வரும்போது டீக்கடைப் பக்கமே இறக்குகிறார்கள். கால் மணி நேரம் தாமதம், மகள் பஸ்ஸிலேயே தூங்கிவிடுகிறாள். ஆயா இறங்குகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

கடைசி ஸ்டாப் சாருக்கு: உங்கள் பையனை இறக்கிய பிறகுதான் எங்கள் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அவனுக்கு ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

சடையங்குப்பம் மனு இன்னும் எழுதவில்லை. நாத்தனார் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை போய் எண்ணிவிட்டு வருகிறேன்.