ரெஜிஸ்ட்ரி எட்டாத நாளில் உங்கள் கிளஸ்டர் என்ன செய்தது?

நொய்யல்கரை, திருப்பூர்

எங்கள் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் கேமராக்களுக்காகச் சிறிய கே3எஸ் கிளஸ்டர் ஓடுகிறது; பல கணினிகளைச் சேர்த்து புரோகிராம்களை ஓட்டும் குபர்னெட்டீஸின் எளிய வடிவம்தான் கே3எஸ். ஷிப்மென்ட் நெருங்கிய வாரத்தில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அதே மதியம் ஒரு நோடு, அதாவது கிளஸ்டரின் ஒரு கணினி, படுத்துக்கொண்டது. அதில் ஓடிய புரோகிராம் (பாட்) பக்கத்து நோடுக்கு மாறியது, மாறியதோடு சரி. அது எழத் தேவையான இமேஜ், அதாவது புரோகிராமின் பொதி, வெளியே உள்ள ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கிலிருந்து வர வேண்டும்; கேபிளோ இல்லை. திரையில் இமேஜை இழுக்க முடியவில்லை என்ற 'இமேஜ்புல்பேக்ஆஃப்' மட்டும் வந்துகொண்டிருந்தது.

எரிச்சல் என்னவென்றால், அதே ஸ்விட்சில் இருந்த இன்னொரு நோடின் டிஸ்க்கில் அந்த இமேஜ் பத்திரமாக இருந்தது. பக்கத்து வீட்டில் உறைமோர் இருக்க, ஈரோட்டுக்கு பஸ் ஏறுகிற கதை.

இப்போது நோடுகள் தங்களுக்குள் இமேஜைப் பகிர உதவும் ஸ்பெகல் என்ற மென்பொருளை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நோடும் தன் கன்டெய்னர்டியில் (இமேஜை இறக்கி ஓட்டும் மென்பொருள்) உள்ள லேயர்களை, அதாவது இமேஜின் அடுக்குகளை, மற்றவற்றுக்கு அறிவிக்கிறது. இமேஜ் தேவைப்படும் நோடு முதலில் அக்கம்பக்கத்தில் கேட்கும். எங்கும் இல்லை என்றால்தான் வெளியே போகும். தனிச் சேமிப்பிடம் வேண்டாம். கே3எஸ்ஸில் இது உள்ளேயே வருகிறது. சர்வரில் 'எம்பெடெட் ரெஜிஸ்ட்ரி'யை இயக்கி, எந்த ரெஜிஸ்ட்ரிகளின் இமேஜ்களை இப்படிப் பகிர வேண்டும் (மிரர்) என்பதை எல்லா நோடுகளிலும் எழுதிவைக்க வேண்டும். நோடுகளுக்கிடையே 5001, 6443 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். வேறு குபர்னெட்டீஸ் என்றால் ஒன்றைப் பாருங்கள்: லேயரை விரித்தபின் மூலக் கோப்பை அழித்துவிடும்படி கன்டெய்னர்டியை அமைத்திருந்தால், பகிர எதுவும் மிஞ்சாது.

சரவணம்பட்டி

எங்கள் தொல்லை வேறு. லாகின் செய்யாமல் இமேஜ் இழுப்பவர்களுக்கு டாக்கர் ஹப் என்ற பொது ரெஜிஸ்ட்ரி 2020 நவம்பரில் வரம்பு கொண்டுவந்தது: ஐபி முகவரி ஒன்றுக்கு 6 மணி நேரத்தில் 100. அலுவலகம் முழுவதற்கும் ஒரே பொது ஐபி. டெஸ்ட் சர்வர்கள் காலை டீக்கு முன்பே அதைத் தின்று தீர்த்துவிடும். ஹார்பர் என்ற சொந்த ரெஜிஸ்ட்ரி மென்பொருளை, ஒருமுறை இழுத்ததைச் சேமித்துக் கொடுக்கும் ப்ராக்ஸி கேஷாக வைத்ததும் அது தீர்ந்தது.

ஆனால் எனக்கு முன்பிருந்தவர் ஹார்பரையும் அதே கிளஸ்டருக்குள் குடிவைத்திருந்தார். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தபோது, ஹார்பர் எழத் தேவையான இமேஜ் ஹார்பருக்குள்ளேயே கிடந்தது. இப்போது அதற்குத் தனி மெஷின்.

பெருந்துறை

திருப்பூர் அண்ணா, ஸ்பெகலும் யாரிடமாவது இருந்தால்தான் கொடுக்கும். குபர்னெட்டீஸின் இயல்பு அமைப்பில் டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால், 80க்கு இறங்கும்வரை பயன்பாட்டில் இல்லாத இமேஜ்களை, ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபர்னெட்டீஸின் ஏஜென்டான குபெலெட் அழிக்கும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பளக் கணக்கு ஜாப்பின் இமேஜ் எங்கள் மில்லில் எல்லா நோடுகளிலிருந்தும் இப்படித்தான் துடைக்கப்பட்டது. இப்போது அந்த இமேஜைக் கொண்டே ஒரு டெமன்செட்டை (நோடுக்கு ஒரு பாட் ஓடும் அமைப்பு) ஒவ்வொரு நோடிலும் வேலையில்லாமல் தூங்கவிட்டிருக்கிறோம். ஓடும் கன்டெய்னரின் இமேஜை குபெலெட் தொடாது.

பொள்ளாச்சி

பாஸ்வேர்டு போட்ட தனி ரெஜிஸ்ட்ரியின் இமேஜும் இப்படிப் பகிரப்படுமா?

நொய்யல்கரை, திருப்பூர்

பகிரப்படும், அதுவும் பாஸ்வேர்டு கேட்காமலே. ஒரு நோடு உரிமையோடு இழுத்துவிட்டால் மற்ற நோடுகளுக்கும் அது கிடைக்கும். எங்களுடையது ஒரே கம்பெனி, கவலையில்லை. பல வாடிக்கையாளர்களை ஒரே கிளஸ்டரில் வைத்திருந்தால் அந்த ரெஜிஸ்ட்ரியை மிரர் பட்டியலில் சேர்க்காதீர்கள்.